நம்மைச் சூழ்ந்திருக்கும் நைட்ரஜன்

முன்னுரை

மரக்காணம் கடற்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். ஆயினும் தாகம் எடுத்தால் அதில் ஒரு கை அள்ளிக் குடிக்க முடியாது. நம் வயல்களில் நிற்கும் நெற்பயிரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நைட்ரஜன் என்னும் சத்துக் குறைந்தால் பயிர் வெளிறி, மஞ்சளாகி, வளர்ச்சி குன்றிப் போகிறது. ஆனால் அந்தப் பயிரைத் தழுவிச் செல்லும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே! ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் மட்டும் 30,000 டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் இருக்கிறது. அதன் அடியில் பயிர் பசியோடு நிற்கிறது என்றால் விந்தையாக இல்லையா?

இந்த விந்தையை நான் பாடப்புத்தகத்தில் படித்தது பிறகுதான். முதலில் எங்கள் வீட்டு வயலில்தான் சந்தித்தேன். சென்ற கோடை விடுமுறையில் திண்டிவனத்தை அடுத்த எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டு எடுத்த ஒரு ஏக்கரில் அப்பா நெல் நட்டிருந்தார். (நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மணிலாக் கொட்டை என்பதே இப்படி மருவியது என்பார்கள்.) மேலுரமாக இரண்டு மூட்டை யூரியா வாங்கி வர அப்பா கிளம்பினார்.

"மல்லாட்டை போட்ட நெலம்டா இது. ஒரு மூட்டையே போதும்" என்றார் தாத்தா.

"பக்கத்து நெலம் எப்படிக் கருகருன்னு நிக்குது பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டு மூட்டையையும் போட்டார்.

பயிர் கரும்பச்சையாக, இடுப்பளவுக்கு வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். அறுவடைக்குச் சில நாட்களே இருக்கும்போது ஆவணி மாதத்தில் ஓர் இரவு காற்றும் மழையும் வந்தன. காலையில் பார்த்தால் பயிர் பாய் விரித்தாற்போல் சாய்ந்து கிடந்தது. கதிர்கள் சேற்றில் முளைத்துவிட்டன. எதிர்பார்த்ததில் பாதி நெல்தான் வீடு வந்தது. எனக்கும் என் தங்கைக்கும் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் அந்த நெல்லை நம்பித்தான் இருந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான், "உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?" என்று கேட்டேன். "எங்கப்பா சொன்னாரு" என்றார்.

அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருந்த அந்த உண்மையின் காரணத்தை அறிவதற்கே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அப்பாவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

பெயர் வந்த வரலாறு

1772ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் டேனியல் ரூதர்போர்டு என்ற இளைஞர் நைட்ரஜனைக் கண்டறிந்தார். அவர் அப்போது மருத்துவ மாணவர். மூடிய கலத்தில் இருந்த காற்றில் பொருள்களை எரித்து, அதில் உண்டான கரியமில வாயுவையும் நீக்கிவிட்டுப் பார்த்தார். அப்பொழுதும் ஒரு வாயு எஞ்சி நின்றது. அதில் மெழுகுவர்த்தி எரியவில்லை; எலியும் பிழைக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஷீலே, காவெண்டிஷ், பிரீஸ்ட்லி ஆகியோரும் இந்த வாயுவை ஆராய்ந்து கொண்டிருந்தனர்.

பிரெஞ்சு அறிஞர் லவாசியே இதற்கு "அஸோட்" என்று பெயரிட்டார். உயிரற்றது என்பது அதன் பொருள். 1790இல் சாப்டால் என்பவர் "நைட்ரஜன்" என்ற பெயரைச் சூட்டினார். நைட்டர் என்பது வெடியுப்பு. வெடியுப்பை உண்டாக்குவது எது, அதுவே நைட்ரஜன்.

உயிரற்றது என்று பெயர் பெற்ற இவ்வாயு இல்லாமல் உயிரே இல்லை என்பது பின்னால்தான் தெரிய வந்தது. நாம் உண்ணும் பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் உள்ள புரதத்தில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு நைட்ரஜன் உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு துளியையும் நாம் மூச்சுக் காற்றிலிருந்து பெறவில்லை. உள்ளே இழுத்த நைட்ரஜனை அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம். நமக்கு வேண்டியது முழுவதும் உணவின் வழியாகவே வருகிறது.

சோதனைச் சாலையில்

எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் இவ்வாயுவைத் தயாரித்துக் காட்டினார். அம்மோனியம் குளோரைடு, சோடியம் நைட்ரைட் ஆகிய இரண்டின் கரைசல்களையும் ஒரு குடுவையில் கலந்து மெதுவாகச் சூடேற்றினார். வினை தொடங்கியதும் விளக்கை அகற்றிவிட்டார். ஏனெனில் இவ்வினையே வெப்பத்தை வெளிவிடுவது. தொடர்ந்து சூடேற்றினால் கட்டுக்கு அடங்காது. வெளிவந்த வாயுவை நீரின் கீழ் கவிழ்த்து வைத்த ஜாடியில் சேகரித்தோம். நடந்த வினை இதுதான்:

அம்மோனியம் குளோரைடு + சோடியம் நைட்ரைட் → சோடியம் குளோரைடு + நீர் + நைட்ரஜன்

ஜாடிக்குள் எரியும் குச்சியைக் காட்டினோம், அணைந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினோம். அது பால் போல் மாறவில்லை. கரியமில வாயுவும் தீயை அணைக்கும். ஆனால் சுண்ணாம்பு நீரைப் பால் போல் மாற்றிவிடும். இவ்வாறு இரண்டையும் பிரித்து அறிகிறோம்.

இங்கே ஒரு சிறு கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும், அம்மோனியாவிலிருந்து தயாரித்த நைட்ரஜனையும் நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து வந்தது லிட்டருக்கு 1.257 கிராம். மற்றது 1.250 கிராம். வேறுபாடு ஆயிரத்தில் ஐந்து பங்குதான். சோதனைப் பிழை என்று தள்ளிவிடாமல் அவரும் ராம்சேயும் ஆராய்ந்தார்கள். காற்று நைட்ரஜனில் அதுவரை யாரும் அறியாத கனமான வாயு ஒன்று கலந்திருந்தது! 1894இல் ஆர்கான் இவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது. கணக்கில் சிறிது விடை மாறினால் அலட்சியம் செய்யும் நமக்கு இது ஒரு பாடம்.

பண்புகள்

நைட்ரஜன் நிறமும் மணமும் சுவையும் அற்ற வாயு. காற்றைவிடச் சற்றே இலேசானது. நீரில் மிகக் குறைவாகவே கரையும். தானும் எரியாது, பிற பொருள்கள் எரியவும் துணை புரியாது. நச்சுத் தன்மை கிடையாது. எனினும் ஆக்ஸிஜன் இல்லாமல் நைட்ரஜன் மட்டும் நிறைந்த இடத்தில் மனிதர் மூச்சடைத்து மயங்கி இறப்பர். மணம் இல்லாததால் ஆபத்து வருவதே தெரியாது. இதன் அணு எண் 7. அணு எடை 14. கழிவு 196 டிகிரி செல்சியஸில் திரவமாகவும், கழிவு 210 டிகிரியில் திண்மமாகவும் மாறுகிறது.

இதன் முக்கியமான பண்பு மந்தத் தன்மை. நைட்ரஜன் அணுவின் வெளிவட்டத்தில் 5 எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டாக நிறைவு பெற இன்னும் 3 தேவை. ஆகவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மும்மூன்று எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன. இதை முப்பிணைப்பு என்கிறோம். ஒரு கையைக் கோத்து நிற்கும் இருவரை இலகுவாகப் பிரித்துவிடலாம். மூன்று கைகளைக் கோத்து நிற்பவர்களை எப்படிப் பிரிப்பது? ஒரு மோல் ஆக்ஸிஜனின் பிணைப்பைப் பிரிக்க 498 கிலோஜூல் ஆற்றல் போதும். நைட்ரஜனுக்கோ 945 கிலோஜூல் வேண்டும்.

மரக்காணத்துக் கடல் நீரில் உப்பு எப்படித் தடையோ, அப்படியே காற்றில் இந்த முப்பிணைப்பு தடையாக நிற்கிறது. பயிருக்கு இப்பூட்டைத் திறக்கும் சாவி இல்லை. அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றிக் கொடுத்தால்தான் அதன் வேர் ஏற்றுக்கொள்ளும். எரியும் மெக்னீசியம் இப்பூட்டைத் திறக்கவல்லது. காற்றில் மெக்னீசியம் நாடாவை எரிக்கும்போது ஆக்ஸைடோடு சிறிதளவு மெக்னீசியம் நைட்ரைடும் உண்டாகிறது. அந்தச் சாம்பலில் நீர் விட்டால் அம்மோனியா வெளிவந்து, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும்.

வயலுக்கு எட்டும்படி இப்பூட்டைத் திறக்கும் வழிகள் மூன்று. ஒன்று வானில், ஒன்று வேரில், ஒன்று தொழிற்சாலையில் இருக்கிறது.

முதல் வழி: மின்னல்

மின்னல் பாயும் பாதையில் காற்று பல்லாயிரம் டிகிரி வெப்பம் அடைகிறது. அங்கே நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகிறது. அது மேலும் ஆக்ஸிஜனைப் பெற்று நைட்ரஜன் டை ஆக்ஸைடாகி, மழை நீரில் கரைந்து, மிக மெலிந்த நைட்ரிக் அமிலமாக மண்ணில் இறங்குகிறது. மண்ணிலுள்ள உப்புகளோடு சேர்ந்து நைட்ரேட் ஆகிறது.

இதைப் பின்பற்றி நார்வே நாட்டில் 1905 முதல் மின்பொறியின் மூலமாகவே உரம் தயாரித்தார்கள். மின்சாரம் மிகுதியாகச் செலவானதால் அம்முறை நிலைக்கவில்லை. மின்னல் தரும் நைட்ரஜனும் சிறு பங்குதான். வயலுக்கு அது போதாது.

இரண்டாம் வழி: வேர் முடிச்சு

தாத்தாவின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. மல்லாட்டைச் செடியை மெதுவாகப் பிடுங்கி மண்ணைக் கழுவிப் பார்த்தால், வேரில் கடுகு போன்ற சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நோய் என்று எண்ணிவிடக் கூடாது. ரைசோபியம் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை அளிக்கிறது. அவை காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகின்றன. தொழிற்சாலையில் பெரும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்யும் வேலையை இவை மண்ணின் குளிர்ச்சியில் சத்தமின்றிச் செய்கின்றன.

நல்ல முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம் போல் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு பொருளே அந்நிறத்துக்குக் காரணம். நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு ஆக்ஸிஜன் பகை. ஆகவே இந்தச் சிவப்புப் பொருள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து, நுண்ணுயிர்களின் சுவாசத்துக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிறது. உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள்.

பயறு வகைச் செடிகள் வேர் முடிச்சுகளின் உதவியால் காற்று நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் அறிவித்தார். அந்த நுண்ணுயிரை 1888இல் ஹாலந்து நாட்டின் பெயரிங்க் தனியே பிரித்தெடுத்தார். ஆனால் நம் முன்னோர் அதற்கு முன்பே கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை மடக்கி உழுதுவிட்டு நெல் நட்டார்கள். காரணம் அறியவில்லை, பயனை அறிந்திருந்தார்கள்.

திண்டிவனத்துக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை இரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரோடு வெளிவருகின்றன. அவ்வெழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே! 1940இல் வெளியான டி.எம்.வி. 2 இரகம் பல ஆண்டுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரிடப்பட்டது. 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. நம் ஊர்ப் பெயர் இப்படி ஊர் ஊராக வயல்களில் விளைந்தது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

மல்லாட்டையின் வேரும் உதிர்ந்த இலையும் நிலத்திலேயே தங்குகின்றன. கொடி மாட்டுக்குப் போய், சாணமாகத் திரும்பி நிலத்துக்கு வருகிறது. ஆகவேதான் அடுத்து நடும் நெல்லுக்குக் குறைந்த உரம் போதுமானதாக இருக்கிறது. எங்கள் நிலத்தில் இருந்த இந்தச் சேமிப்பைக் கணக்கில் கொள்ளாமல் மேலும் இரண்டு மூட்டை போட்டுவிட்டோம்.

நெல் வயலிலும் இயற்கை சிறிது உதவுகிறது. தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி காற்று நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்பதை 1939இல் பி. கே. டே என்ற இந்திய அறிஞர் ஆராய்ந்து எழுதினார். அசோலா என்னும் மிதக்கும் பெரணியின் இலைக்குள்ளும் இத்தகைய பாசி வாழ்கிறது.

மூன்றாம் வழி: தொழிற்சாலை

மக்கள் தொகை பெருகப் பெருக இயற்கை வழிகள் மட்டும் போதவில்லை. ஐரோப்பிய நாடுகள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக இறக்கின. அது தீர்ந்து போனால் கோதுமைக்குப் பஞ்சம் வரும் என்று 1898இல் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் வழியை வேதியியல் அறிஞர்களே காண வேண்டும் என்றார்.

1909இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக அம்மோனியாவைப் பெற்றுக் காட்டினார். கார்ல் போஷ் என்ற பொறியியலறிஞர் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு வந்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது.

நைட்ரஜன் (1 பங்கு) + ஹைட்ரஜன் (3 பங்கு) ⇌ அம்மோனியா (2 பங்கு) + வெப்பம்

நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குவதால், அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா மிகுதியாகக் கிடைக்கும். ஆகவே சுமார் 200 வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறார்கள். இது வெப்பத்தை வெளிவிடும் வினை. எனவே குளிர்ந்த நிலையில்தான் அம்மோனியாவின் விகிதம் கூடும். ஆனால் குளிர்ந்த நிலையில் வினை மிக மெதுவாக நடக்கும். இரண்டுக்கும் நடுவில் சுமார் 450 டிகிரியில் வைத்து, இரும்பை வினையூக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். இவ்வாறு கிடைத்த அம்மோனியாவைக் கரியமில வாயுவோடு சேர்த்தால் யூரியா கிடைக்கிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன்.

இதற்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்று இலவசமாகத் தருகிறது. ஹைட்ரஜனைப் பெறுவதற்கே செலவு. நம் நாட்டு உரச்சாலைகளின் வரலாறே ஹைட்ரஜனைத் தேடிய வரலாறுதான். 1947இல் கேரளத்தில் ஆல்வாய்க்கு அருகே தொடங்கிய ஆலை விறகிலிருந்து அதைப் பெற்றது. 1951இல் பீகாரில் சிந்திரி ஆலை நிலக்கரியைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கியது. (சிந்திரி இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது.) 1966இல் விழுப்புரத்துக்குத் தெற்கே உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் பெற்று யூரியா செய்தார்கள். விழுப்புரம், திண்டிவனம், நெய்வேலி மூன்றும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம்; விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1993இல். நெய்வேலியில் இன்று அந்த உரச்சாலை இல்லை. சென்னை மணலியில் 1971இலும், தூத்துக்குடியில் 1975இலும் உற்பத்தி தொடங்கிய ஆலைகள் நாப்தா என்னும் எண்ணெயைப் பயன்படுத்தின. பின்னர் மணலி 2019இலும் தூத்துக்குடி 2021இலும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் நைட்ரஜன் சுமார் 20.7 கிலோ. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறையில் அடங்கிய காற்றிலோ ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நான்கு மூட்டை யூரியாவுக்குச் சமம்! நாம் மூட்டைக்குத் தரும் விலையும், அதற்கு மேல் அரசு ஏற்கும் மானியமும் நைட்ரஜனுக்கு அல்ல. பூட்டைத் திறக்கும் எரிபொருளுக்கு. வயலில் ஒரு கைப்பிடியை வீணாக்கினால் அந்த எரிபொருளையே வீணாக்குகிறோம்.

காக்கவும் அழிக்கவும்

இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருடைய உணவு தொழிற்சாலை நைட்ரஜனால் விளைகிறது என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அதே அம்மோனியாவை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் நைட்ரிக் அமிலம் கிடைக்கிறது. அதிலிருந்தே வெடிமருந்தும் பிறக்கிறது. முதல் உலகப் போரில் சிலி வெடியுப்பு கிடைக்காத ஜெர்மனி, இம்முறையைக் கொண்டே குண்டுகள் செய்தது. ஹேபரே 1915இல் நச்சு வாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றார். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறிட்ட அறிவும், வீரர்களை மூச்சடைத்துக் கொன்ற அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பது நெடுநேரம் என்னைச் சிந்திக்க வைத்தது.

2020 ஆகஸ்டு 4 அன்று லெபனான் நாட்டுப் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதையடுத்து, மணலியில் பல ஆண்டுகளாகக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்க் கடற்கரையில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மீனவ மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

வயலிலும் மிகை தீமையே. தழைச்சத்து மிகுந்தால் பயிர் தழையாகவே வளர்கிறது. தண்டு மென்மையாகிச் சாய்கிறது; பூச்சிகளும் மிகுதியாக வருகின்றன. பயிர் உண்ணாத யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகிக் கிணற்று நீரில் இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கும். இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாகி மேலே சென்று பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. யூரியா மெதுவாகக் கரைவதற்காகவே 2015 முதல் அதன்மேல் வேப்பெண்ணெய் பூசி விற்க வேண்டும் என்று அரசு விதித்தது.

திரவ நைட்ரஜன்

தூய நைட்ரஜனைப் பெறக் காற்றை அழுத்தி, குளிரூட்டித் திரவமாக்குகிறார்கள். திரவக் காற்றைச் சற்றே சூடேற விட்டால் கழிவு 196 டிகிரியில் நைட்ரஜன் முதலில் ஆவியாகும். ஆக்ஸிஜன் கழிவு 183 டிகிரியில்தான் கொதிக்கும். இப்படி இரண்டும் பிரிகின்றன. கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் மூடியைத் திறந்தால் புகை வரும் உருளையைப் பார்த்திருப்பீர்கள். சினை ஊசிக்கு உரியதைப் பல ஆண்டுகள் கெடாமல் அதற்குள் காப்பது திரவ நைட்ரஜனே. சிப்ஸ் பொட்டலங்கள் காற்றடைத்தாற்போல் உப்பியிருப்பதற்குக் காரணமும் நைட்ரஜன் வாயுதான். ஆக்ஸிஜன் இல்லாததால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதில்லை.

பொருட்காட்சிகளில் விற்கும் "புகை பிஸ்கட்" பற்றித் தோழியருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் புகை திரவ நைட்ரஜனால் வருவது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். வயிற்றுக்குள் அது நடந்தால் என்ன ஆகும்? 2024இல் கர்நாடக மாநிலம் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதை உண்டு துடித்த செய்தி பரவியது. அதன் பிறகு நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் இதுபற்றி எச்சரித்தது. தம்பி தங்கையருக்கு வாங்கித் தராதீர்கள்.

முடிவுரை

அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது இவற்றையெல்லாம் அப்பாவிடமும் தாத்தாவிடமும் படித்துக் காட்டினேன். இலை வண்ண அட்டையைப் பற்றியும் சொன்னேன். வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட அட்டை அது. நன்கு விரிந்த மேல் இலையை வெயில் படாமல் நம் உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்துப் பயிர்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவை குறித்த எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. மற்ற இரகங்களுக்கு 4. பக்கத்து நிலத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. அப்பா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அட்டை எங்க கிடைக்கும்னு விசாரிக்கணும்" என்றார்.

அந்த வாரமே மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்தோம். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தும் வேலை எனக்கும் தங்கைக்கும். தாத்தா திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேர் முடிச்சின் சிவப்பைப் பற்றி நான் சொன்னதும், "எழுபது வருஷமா மல்லாட்டை பிடுங்கறேன் கண்ணு. ஒரு நாளும் கீறிப் பார்த்ததில்லையே" என்று சிரித்தார்.

இவ்வாண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் செடிகள் பூத்திருக்கும். ஊருக்குப் போனதும் ஒரு செடியைப் பிடுங்கித் தாத்தாவின் கையில் கொடுத்து, முடிச்சைக் கீறிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். நிலம் உள்ள வீட்டுத் தோழியரே, நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு அப்படி ஒருமுறை பார்ப்பீர்களாக!

— பத்தாம் வகுப்பு மாணவி